சொட்டுநீர் லேட்டரலின் கடைசியில் தண்ணீர் குறைகிறது: மோட்டாரை மாற்றுவதா, ஆசிட் விடுவதா?

மேட்டுக்காடு:

வணக்கம். தக்காளிக்குப் போட்ட சொட்டுநீரில் சிக்கல். விவரம் மொத்தமும் தந்துவிடுகிறேன்.

2 ஏக்கர், 4 செக்‌ஷன். ஒரு செக்‌ஷன் அரை ஏக்கர்: 45 மீட்டர் நீளத்தில் 30 லேட்டரல் (செடி வரிசையில் ஓடும் ட்யூப்), வரிசை இடைவெளி 1.5 மீட்டர். 16 மி.மீ. இன்லைன் ட்யூப் (ட்ரிப்பர் உள்ளேயே பதித்தது), 60 செ.மீ.க்கு ஒரு ட்ரிப்பர் (நீர் சொட்டும் வாய்), மணிக்கு 4 லிட்டர். போர் தண்ணீர் திறந்த தொட்டியில் விழுகிறது. அங்கிருந்து மோட்டார் எடுத்து டிஸ்க் ஃபில்டர் வழியாக அனுப்புகிறது. உரம் வெஞ்சுரியில் (ஓடும் தண்ணீரின் இழுப்பிலேயே உரக்கரைசலை உறிஞ்சும் கருவி). ட்யூபுக்கு இது மூன்றாவது பருவம்.

ஒவ்வொரு வரிசையிலும் கடைசி 10 மீட்டர் செடிகள் மதியமானால் துவண்டு நிற்கின்றன. முன்பக்கம் மண் சொதசொதவென்று கிடக்கிறது. ஃபில்டருக்கு முன்னால் இருக்கும் பிரஷர் மீட்டர் 2 கிலோ (சதுர செ.மீ.க்கு) காட்டுகிறது. நீளம் அதிகம், கடைசிவரை அழுத்தம் எட்டவில்லை, பெரிய மோட்டார் போடு என்கிறார் ஒருவர். ஆசிட் விட்டால் எல்லாம் திறந்துகொள்ளும் என்கிறார் இன்னொருவர். எதைச் செய்யலாம்? ஆசிட் என்றால் எவ்வளவு? செடி நிற்கும்போது விடலாமா?

கேட்வால்வு:

மோட்டார் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். உங்கள் லேட்டரல் ஒன்றில் 75 ட்ரிப்பர், மணிக்கு 300 லிட்டர். 16 மி.மீ. ட்யூபில் இந்த அளவு தண்ணீர் 45 மீட்டர் ஓடினால் உராய்வில் போகும் அழுத்தம் 0.1 கிலோகூட வராது. சமதரையில் முதல் ட்ரிப்பருக்கும் கடைசி ட்ரிப்பருக்கும் 5 சதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. நீளம் காரணமில்லை.

அந்த 2 கிலோவையும் நம்பாதீர்கள். ஃபில்டருக்கு முன்னால் உள்ள மீட்டர், மோட்டார் எவ்வளவு முட்டுகிறது என்பதைத்தான் சொல்லும். வயலுக்கு எவ்வளவு போகிறது என்று ஃபில்டருக்குப் பின்னால்தான் தெரியும். ஃபில்டர் அடைக்க அடைக்க முன் மீட்டர் ஏறும், வயலில் அழுத்தம் இறங்கும். ஏறுவதைப் பார்த்து நல்ல பிரஷர் என்று சந்தோஷப்படுகிறவர்கள்தான் அதிகம். பின்பக்கமும் ஒரு மீட்டர் மாட்டுங்கள். சுத்தமான ஃபில்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.1 முதல் 0.3 கிலோ. 0.5 தாண்டினால் கழுவியாக வேண்டும்.

அடுத்தது டம்ளர் சோதனை. மணிக்கு 4 லிட்டர் ட்ரிப்பர் 1 கிலோ அழுத்தத்தில் 3 நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். ஒரு செக்‌ஷனில் 4 லேட்டரல் எடுங்கள்: சப் மெயினின் (லேட்டரல்களுக்குத் தண்ணீர் பிரிக்கும் குழாய்) தொடக்கம், மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, கடைசி. ஒவ்வொரு லேட்டரலிலும் அதே நான்கு இடத்தில் ட்ரிப்பருக்குக் கீழே சிறு குழி பறித்து டம்ளர் வையுங்கள். 16 அளவு கிடைக்கும். மிகக் குறைந்த 4 அளவுகளின் சராசரியை, 16க்கான சராசரியால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். 90க்கு மேல் நல்லது. 80க்குக் கீழே என்றால் வேலை இருக்கிறது.

இன்னொன்று முக்கியம். ஏதாவது ஒரு லேட்டரலின் கடைசியில் அடுத்தடுத்த நான்கு ட்ரிப்பரையும் பிடித்துப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால் அழுத்தக் குறைவு: எங்கோ எலி கடித்திருக்கும், களைக்கொத்து பட்டிருக்கும், கிரோமெட் (லேட்டரல் சப் மெயினில் சேரும் இடத்து ரப்பர் வளையம்) கசியும். ஒன்று 40, அடுத்தது 120 என்று தாறுமாறாக இருந்தால் அடைப்பு. இதைப் பார்க்காமல் ஆசிட் கேனைத் திறக்க வேண்டாம்.

மேட்டுக்காடு:

மீட்டர் மாட்டிப் பார்த்தேன். முன்னால் 2.0, பின்னால் 1.0. டம்ளர் கணக்கு, மில்லியில் (ஒரு வரி, நான்கு லேட்டரலிலும் ஒரே இடம்):

தொடக்கம் 160, 158, 162, 156
மூன்றில் ஒன்று 150, 155, 148, 152
மூன்றில் இரண்டு 120, 135, 95, 130
கடைசி 40, 85, 15, 60

மொத்தச் சராசரி 120, கடைசி நான்கின் சராசரி 50. 42 சதம் வருகிறது. கடைசியில் பக்கத்துப் பக்கத்து ட்ரிப்பர் 40, 110, 20, 95. லேட்டரலின் முனை மூடியான எண்ட் கேப்பைக் கழற்றினால் கருப்பும் பழுப்புமாக வழவழவென்று சேறு வருகிறது. ட்ரிப்பர் வாயில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது.

கேட்வால்வு:

இரண்டு நோய் ஒன்றாக இருக்கிறது. ஃபில்டரில் 1 கிலோ தின்கிறது, அதனால்தான் தொடக்க ட்ரிப்பரே 160. மணிக்கு 4 லிட்டர் சாதாரண ட்ரிப்பரில் தண்ணீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். 160 என்றால் லேட்டரல் வாயில் 0.64 கிலோதான் இருக்கிறது. கடைசியில் தாறுமாறு, அது அடைப்பு. தண்ணீரின் வேகம் செத்துப்போகும் இடம் என்பதால் வண்டலும் பாசியும் அங்கேதான் இறங்கும்.

வரிசை தவறாமல் செய்யுங்கள். முதலில் ஃபில்டர். டிஸ்க்குகளைத் தளர்த்தி, கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டுப் பீய்ச்சி அடியுங்கள். வரிப் பள்ளத்துக்குள் வெள்ளை ஏறியிருந்தால் நீர்த்த ஆசிடில் ஊறவிட்டுக் கழுவலாம். கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம், பள்ளம் தேய்ந்தால் 130 மைக்ரான் வடிகட்டல் என்பது பெயருக்குத்தான். அடைக்கிறதே என்று டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கூட்டோடு ஓட்டுவதும் நடக்கிறது. ஒரே வாரத்தில் ஃபில்டர் பிடிக்க வேண்டியதையெல்லாம் ட்ரிப்பர் பிடித்துவிடும்.

பிறகு ஃப்ளஷ், அதாவது முனையைத் திறந்து வேகமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுவது: முதலில் மெயின், அதன்பின் சப் மெயின் ஃப்ளஷ் வால்வு, கடைசியாக லேட்டரல். தலைகீழாகச் செய்தால் மேலே உள்ள சேறு கழுவிய ட்யூபுக்குள்ளேயே வந்து இறங்கும். லேட்டரலில் முப்பதையும் ஒரே நேரத்தில் திறந்தால் வேகம் கிடைக்காது. நான்கைந்தாகத் திறவுங்கள். சேற்றை இழுத்து வர நொடிக்கு 0.3 மீட்டர் வேகம் வேண்டும். 16 மி.மீ. ட்யூபில் அது நிமிடத்துக்கு 2.7 லிட்டர் சுமார். எண்ட் கேப் வாயில் 1 லிட்டர் பாட்டிலைப் பிடித்தால் 22 நொடிக்குள் நிரம்ப வேண்டும். மெதுவாக நிரம்பினால் இன்னும் இரண்டு லேட்டரலை மூடுங்கள். தெளிந்த தண்ணீர் வந்த பின்பும் ஒரு நிமிடம் விட்டு மூடுங்கள்.

உப்புத்தண்ணி:

வெள்ளைப் படிவத்தில் ஒரு துளி ஆசிட் விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் கார்பனேட் உப்பு, ஆசிட் வேலை செய்யும். பொங்காமல் அப்படியே கிடந்தால் ஜிப்சமாக இருக்க வாய்ப்பு உண்டு, அதற்கு ஆசிட் வீண். சேற்றையும் மண்ணையும் ஆசிட் கரைக்காது, அதனால்தான் ஃப்ளஷ் முதலில்.

அளவைப் பிறர் சொல்லிக் கேட்டு ஊற்றாதீர்கள். ஒவ்வொரு போருக்கும் காரத்தன்மை வேறு. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் உங்கள் தண்ணீர் 10 லிட்டர் எடுத்து, ஹைட்ரோகுளோரிக் ஆசிடை 1 மில்லி, 1 மில்லியாக விட்டுக் கலக்கி, பிஎச் தாளில் 4 வரும்வரை எண்ணுங்கள். கடைகளில் கிடைக்கும் 33 சத ஆசிட், கடினமான போர் தண்ணீருக்கு 7 மில்லி அளவில் பிடிக்கும் என்று வைத்துக்கொண்டு கணக்கு:

ஒரு செக்‌ஷனுக்கு 2250 ட்ரிப்பர், மணிக்கு 9000 லிட்டர், நிமிடத்துக்கு 150. ஆசிட் 15 நிமிடம் போக வேண்டும், அதாவது 2250 லிட்டர் தண்ணீர். 10 லிட்டருக்கு 7 மில்லி வீதம் சுமார் 1.6 லிட்டர் ஆசிட். வெஞ்சுரி நிமிடத்துக்கு 1 லிட்டர் உறிஞ்சுகிறது என்றால் வெஞ்சுரி உறிஞ்சும் வாளியில் கரைசல் 15 லிட்டர்: முதலில் 13.4 லிட்டர் தண்ணீர், அதன் மேல் 1.6 லிட்டர் ஆசிட். மாற்றிச் செய்தால், ஆசிட் மேல் தண்ணீர் விழுந்தால், கொதித்து முகத்தில் தெறிக்கும். வெஞ்சுரியின் உறிஞ்சும் வேகத்தை முன்கூட்டியே வெறும் தண்ணீரில் அளந்து வையுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். இரும்பு, தகரப் பாத்திரம் கிட்டே வரக் கூடாது.

கடைசி லேட்டரலின் கடைசி ட்ரிப்பரில் தாளைப் பிடியுங்கள். சேருவதற்கு 8, 10 நிமிடம் ஆகும். நிறம் 4க்கு வந்ததும் இன்னும் ஐந்து நிமிடம், பிறகு மோட்டாரை நிறுத்துங்கள். கரைசல் ட்யூபுக்குள் இரவு முழுதும் நிற்கட்டும், 24 மணி நேரம் என்றால் நல்லது. மறுநாள் எண்ட் கேப்களைத் திறந்து, தாளின் நிறம் பழைய தண்ணீர் நிறத்துக்கு வரும்வரை கழுவுங்கள். அதுவரை ஆடு மாடு அந்தத் தண்ணீரில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செடி நிற்கும்போது விடலாம். ஒரு ட்ரிப்பருக்கு 1 லிட்டர்தான் விழுகிறது, மண் ஈரமாக இருந்தால் தாங்கும். புதிதாக நட்ட நாற்றுக்கு வேண்டாம். சுண்ணாம்பே இல்லாத மணல் மண் என்றால் பயிர் முடிந்தபின் செய்வதே மேல்.

வரப்பு நண்டு:

உப்பு வருவதற்குத் தண்ணீர் மட்டும் காரணமா? உரம் என்ன வரிசையில் போகிறது?

மேட்டுக்காடு:

ஒரு துளி ஆசிடில் பொங்கியது. உரம்: 12:61:0 (மோனோ அமோனியம் பாஸ்பேட்) ஒரு வாளி, அது முடிந்த கையோடு கால்சியம் நைட்ரேட் ஒரு வாளி. தண்ணீர் விட ஆரம்பித்ததுமே கொடுத்துவிடுவேன்.

வரப்பு நண்டு:

உங்கள் வெள்ளையில் ஒரு பங்கு அங்கே இருந்தும் வரலாம். 12:61:0இல் இருக்கும் பாஸ்பேட்டும் கால்சியமும் சந்தித்தால் கால்சியம் பாஸ்பேட் என்று கட்டிவிடும். வாளி வேறு வேறாக இருந்தால் போதாது, முதல் உரம் ட்யூபை விட்டு வெளியேறுவதற்குள் இரண்டாவது வந்தால் ட்யூபுக்குள்ளேயே சந்திக்கும். இரண்டையும் வேறு வேறு நாளில் கொடுங்கள். கால்சியம் நைட்ரேட்டோடு மக்னீசியம் சல்பேட், அமோனியம் சல்பேட், பொட்டாசியம் சல்பேட் எதையும் சேர்க்காதீர்கள், ஜிப்சம் கட்டும். கடினமான தண்ணீரில் 12:61:0 தனியாகப் போனாலே மங்கலாகலாம். சந்தேகம் இருந்தால் வயலில் போகும் அதே விகிதத்தில் கண்ணாடி பாட்டிலில் கலந்து ஒரு மணி நேரம் வையுங்கள். கலங்கினால், அடியில் படிந்தால், அந்தச் சேர்க்கை வேண்டாம்.

நேரம்: பாசன நேரத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பங்கு வெறும் தண்ணீர், நடுப் பங்கில் உரம், கடைசிப் பங்கு மறுபடி வெறும் தண்ணீர். ஆரம்பத்திலேயே கொடுத்தால் அடுத்து வரும் தண்ணீர் உரத்தை வேரைத் தாண்டிக் கீழே இறக்கிவிடும். கடைசியில் கொடுத்தால் ட்யூபுக்குள் உரம் தங்கி, வெயிலில் காய்ந்து கட்டும்.

வெஞ்சுரி, டிஸ்க் ஃபில்டருக்கு முன்னால் இருக்கிறதா? கரையாத கசடு ஃபில்டரில் மாட்ட வேண்டும். தொட்டிக்குத் தண்ணீர் திரும்பாமல் ஒருவழி வால்வும் வேண்டும்.

மேட்டுக்காடு:

வெஞ்சுரி முன்னால்தான் இருக்கிறது. ஃபில்டர் கழுவி, ஃப்ளஷ் செய்தாகிவிட்டது. இப்போது முன் மீட்டர் 1.7க்கு இறங்கிவிட்டது, பின் மீட்டர் 1.5. மோட்டார் பழுதாகிறதா? தொடக்க ட்ரிப்பர் 195. கடைசியில் 40 இருந்தது 120, 85 இருந்தது 150, 60 இருந்தது 140. 15 மட்டும் 20தான். பாசிக்கு ப்ளீச்சிங் பவுடரை ஆசிடோடு சேர்த்தே விட்டுவிடலாமா, ஒரே வேலையாக முடியுமே?

கேட்வால்வு:

1.7 சரியான எண். வழி திறந்ததும் தண்ணீர் அதிகம் ஓடுகிறது, மோட்டாரின் முட்டல் குறைகிறது. இந்த இரண்டு எண்ணையும் சுவரில் எழுதி வையுங்கள். இரண்டு மீட்டரும் சேர்ந்து இதைவிட இறங்கினால் எங்கோ வெட்டு அல்லது கசிவு. முன் மீட்டர் ஏறி, பின் மீட்டர் இறங்கினால் ஃபில்டர் அடைப்பு.

உப்புத்தண்ணி:

சேர்த்து விடவே கூடாது. ப்ளீச்சிங் பவுடரும் ஆசிடும் ஒரே வாளியில் விழுந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூச்சை அடைத்துக் கொல்லும். ஆசிட் வேலை முடிந்து, கழுவி, வேறொரு நாளில் குளோரின்.

அதுவும் ப்ளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் இருக்கும் சுண்ணாம்பு உங்கள் தண்ணீரில் இன்னும் படியும். சோடியம் ஹைப்போகுளோரைட் வாங்குங்கள். 10 பிபிஎம் (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) அளவில் 30 நிமிடம் என்றால், ஒரு செக்‌ஷனில் ஓடுவது 4500 லிட்டர், தேவையான குளோரின் 45 கிராம். 10 சதக் கரைசலில் 450 மில்லி. வெயிலில் பழைய கேன் வீரியம் இழந்திருக்கும், புதிதாக வாங்குங்கள். தண்ணீரில் இரும்பு இருந்தால், அதாவது பாத்திரத்தில் நின்ற தண்ணீர் சிவந்தால், குளோரின் அதை ட்யூபுக்குள்ளேயே துருவாகக் கட்டவைக்கும். அப்படி என்றால் தொட்டியிலேயே தெளிய வைத்துத்தான் எடுக்க வேண்டும்.

தொட்டியை மூடாமல் குளோரின் விடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். பாசிக்கு வெளிச்சம் வேண்டும், கருப்பு நிழல்வலையை இரண்டு மடிப்பாகப் போட்டாலே பெருமளவு குறையும். ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாயின் அடிவாய்) தொட்டித் தரையில் கிடந்தால் 30 செ.மீ. உயர்த்துங்கள்.

வரப்பு நண்டு:

சப் மெயினின் மேடான இடத்தில் ஏர் வால்வு இருக்கிறதா? இல்லையென்றால் மோட்டார் நின்றதும் குழாயில் வெற்றிடம் உண்டாகி, ட்ரிப்பர் வாய் சேற்றை உள்ளே உறிஞ்சும். நீங்கள் எத்தனை முறை ஃப்ளஷ் செய்தாலும் மறுபடி மண் வரும். செலவு குறைந்த பொருள்தான், சரிவான நிலத்தில் அது இல்லாமல் போடவே கூடாது.

அந்த 20 மில்லி ட்ரிப்பர்: இன்லைனில் தனியாக மாற்ற முடியாது. இரண்டு ஆசிட் சுற்றுக்குப் பிறகும் 100 மில்லியைத் தொடாத ட்ரிப்பருக்குப் பக்கத்தில், ட்யூபைப் பஞ்ச் கருவியால் துளைத்து, வெளியிலிருந்து செருகும் 4 லிட்டர் ஆன்லைன் ட்ரிப்பர் ஒன்றைக் குத்திவிடுங்கள். துளை மேற்பக்கம் இருக்கட்டும், கீழ்ப்பக்கம் துளைத்தால் ட்யூபின் அடியில் தங்கும் வண்டல் நேராக அதற்குள்தான் இறங்கும்.