நேர்ரோட்டில் எரியும் ஹைகாஸ் விளக்கு, ஆடும் பின்பக்கம்: ஸ்கைலைன் ஆர்33 உதவி தேவை

ஹரோவாசி
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1996 நிசான் ஸ்கைலைன் ஆர்33 ஜிடிஎஸ்-டி இருக்கிறது. ஜப்பானில் இருந்து இறக்கிய கார், என் கைக்கு வந்து ஒன்றரை வருடம். இரண்டு கிழமையாக ஒரு தொல்லை. எம்40 மோட்டர்வேயில் 60 மைல் வேகத்தைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நேராக ஓடினால் ஹைகாஸ் (பின் சக்கரத்தையும் திருப்பும் நிசான் சிஸ்டம்) விளக்கு எரிகிறது. எரிந்த கையோடு ஸ்டியரிங்கும் கனத்துப் போகிறது. ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துத் திரும்பப் போட்டால் விளக்கைக் காணோம். ஊருக்குள் ஒரு தடவைகூட எரிந்ததில்லை.

இன்னொன்று. லொறி பக்கத்தால் போகும்போது பின்பக்கம் தானாக ஒரு சின்ன அசைவு அசைகிறது. யாரோ பின்னால் நின்று காரைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. பழைய ஹைகாஸ் மோட்டரும் ராடும் சேர்த்து 280 பவுண்ஸ் என்று ஒருவர் விற்கிறார். வாங்கட்டுமா?

அண்ணாநகர் டிரைவர்
பார்க்கிங்கில் திருப்பும்போது பின் சக்கரம் எதிர்ப்பக்கம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பவில்லை என்றால் மோட்டார் போய்விட்டது. நான் ஓட்டும் முதலாளியின் பென்ஸ் எஸ் கிளாஸில் கண்ணாலேயே தெரியும்.

ஸ்காபரோ33
டிரைவர் அண்ணா, இரண்டும் வேறு வேறு சாதி. புது எஸ் கிளாஸில் பின் சக்கரம் 10 டிகிரி வரை திரும்பும், சின்ன இடத்தில் வளைத்தெடுக்க அது உதவும். ஆர்33இன் சூப்பர் ஹைகாஸ் பார்க்கிங்குக்காகச் செய்தது இல்லை. வேகத்தில் லேன் மாறும்போது கார் நிதானமாக நிற்பதற்காகச் செய்தது. பின் சக்கரம் அதிகம் போனால் ஒரு டிகிரி. முதலில் ஒரு கணம் எதிர்ப்பக்கம், அப்புறம் முன் சக்கரம் போகும் அதே பக்கம். பார்க்கிங்கில் பார்த்து ஒன்றும் தெரியாது.

தம்பி ஹரோவாசி, மோட்டரை இப்போது வாங்காதே. நேராக ஓடும்போது மட்டும் எரிகிறது என்கிறாய், அதுதான் துப்பு. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கார் வேகமாக நேரே போகிறது, ஸ்டியரிங் மட்டும் விடாமல் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கிறது என்றால் கம்ப்யூட்டருக்குக் கணக்கு உதைக்கும். விளக்கைப் போட்டுவிட்டு, பின் சக்கரத்தைத் தொடாமல் ஒதுங்கிவிடும். பவர் ஸ்டியரிங்கின் கனத்தையும் அதே பெட்டிதான் பார்க்கிறது, அதனால்தான் இறுகுகிறது.

மூன்று கேள்வி. நேர்ரோட்டில் ஸ்டியரிங் நடுவில் நிற்கிறதா? கம்பெனி ஸ்டியரிங்கா, வெளியில் வாங்கிப் போட்டதா? கடைசியாகக் காரில் என்ன வேலை நடந்தது?

ஹரோவாசி
அண்ணை, கையை வைத்த இடத்திலேயே பிடித்துவிட்டீர்கள். ஸ்டியரிங் வெளியில் வாங்கியதுதான், முதல் ஓனர் போட்டது. உச்சியில் ஒரு மஞ்சள் கோடு இருக்கும். இன்றைக்கு ஓடிப் பார்த்தேன். நேரே போகும்போது அந்தக் கோடு பன்னிரண்டில் இல்லை, பதினொன்று பக்கம் நிற்கிறது. மூன்று கிழமைக்கு முன் முன்ரயர் இரண்டும் மாற்றி, ரயர்க் கடையிலேயே அலைன்மென்ட் செய்தேன். முன்பக்கம் மட்டும்.

ஸ்காபரோ33
அப்போ பாதி விடை வந்துவிட்டது. வெளி ஸ்டியரிங் பூட்டும்போது, ஹைகாஸ் காருக்கு அதற்கென்றே உள்ள பாஸ் கிட் (ஸ்டியரிங்கைக் காரோடு பொருத்தும் துண்டு) போடாவிட்டாலும் இந்த விளக்கு எரியும். ஆனால் ஒன்றரை வருடம் எரியாதது மூன்று கிழமையில் எரியத் தொடங்கினால், முதல் ஓனரைவிட ரயர்க் கடையைத்தான் நான் சந்தேகிப்பேன். ஒரு பக்க டை ராடை (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) மட்டும் திருப்பி டோவை (சக்கரங்கள் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) சரிக்கட்டியிருப்பார்கள். மெஷினில் பச்சை காட்டும், ஸ்டியரிங் கோணிக்கொண்டு நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. ஸ்டியரிங்கைக் கழற்றி ஒரு பல் தள்ளிப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஓடி வந்துவிடு. பார்வைக்கு நேராகும், கீழே முன் சக்கரங்களைத் தள்ளும் ரேக் நடுவில் இருக்காது. சரிப்படுத்த வேண்டிய இடம் டை ராட். ஒரு பக்கம் எவ்வளவு கூட்டுகிறார்களோ, மறுபக்கம் அவ்வளவு குறைக்க வேண்டும்.

அதற்கு முன் கம்ப்யூட்டரின் ஃபால்ட் கோட் எடுத்துப் பார். இன்ஜினைப் போட்ட பத்து செக்கனுக்குள் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கொஞ்சம் திருப்பி, பிரேக்கை ஐந்து ஆறு தடவை மிதி. ஹைகாஸ் விளக்கு மினுங்கத் தொடங்கும். எண்ணி சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடு. பேட்டரி வோல்டேஜும் பார். இன்ஜின் ஓடும்போது 14 பக்கம் இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டர் சோர்ந்தாலும் இந்தப் பெட்டி முதலில் அழும்.

கோவை ஒர்க்‌ஷாப்
நான் ஹைகாஸ் வண்டியைத் தொட்டதில்லை, ஆனால் ராட் முனையில் இருக்கும் பால் ஜாயின்ட் எந்த ஊரிலும் பால் ஜாயின்ட்தான். விளக்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி. பின்பக்கம் அசைகிறதே, அதை யாருமே கண்டுகொள்ளவில்லை. அது வேறு கம்ப்ளைன்ட். ஸ்டீரிங் கோணலாக இருப்பதால் லாரி போகும்போது வண்டி ஆடாது.

பின்பக்கம் ஜாக்கி ஏற்றி ஸ்டாண்ட் கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜின் ஆஃப். சக்கரத்தை மூன்று மணி, ஒன்பது மணி இடத்தில் பிடித்து ஆட்டுங்கள். இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்து ராட் முனையைப் பார்க்கட்டும். சக்கரம் அசையும்போது ராட் கூடவே அசையாமல் ஜாயின்டில் மட்டும் டக் டக் என்றால் முடிந்தது. வேகத்தில் ஒரு டிகிரிதான் திருப்புகிற வண்டியில், ஜாயின்ட் ப்ளேயே அரை டிகிரி இருந்தால் ஓட்டுவது யார்?

ஹரோவாசி
நேற்று மச்சானைக் கூப்பிட்டுப் பார்த்தோம். வோல்டேஜ் 14.1. ஃபால்ட் கோட் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் பக்கத்தைத்தான் காட்டுகிறது. வலது பின் சக்கரத்தைப் பிடித்து ஆட்டினால் டக் டக் என்று விரலில் தெரிகிறது. ஜாயின்டின் ரப்பர் கிழிந்திருக்கிறது. விரலால் அமத்தினேன், கிரீஸ் வரவில்லை, மண்ணிறத் தண்ணீர் வந்தது. இங்கே குளிர்காலத்தில் ரோட்டுக்கு உப்புப் போடுவார்கள், அதன் வேலை. இடது பக்கம் பரவாயில்லை.

லாக்பார் ரசிகன்
எதற்கு இவ்வளவு பாடு? பின் சக்கரம் திரும்பாமல் பிடித்து வைக்கும் லாக்கவுட் பார் ஒன்று வாங்கிப் பூட்டுங்கள், ஹைகாஸே வேண்டாம். பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

ஸ்காபரோ33
டிராக்கில் ஓட்டினால் நானும் அதைத்தான் சொல்வேன். பாரைப் போட்டுவிட்டு ஹைகாஸ் பெட்டியின் வயரையும் கழற்றினால் ஸ்டியரிங் ஊருக்குள்ளும் கனக்கும். லண்டனில் இன்சூரன்ஸ்காரருக்கும் மாற்றத்தைச் சொல்ல வேண்டும். தவிர, வெளிமுனை ஜாயின்ட் தேய்ந்த காரில் நடுவில் பார் போட்டாலும் ஆட்டம் ஆட்டம்தான். தம்பி, ஜாயின்ட் முதலில், அலைன்மென்ட் அப்புறம். மாற்றிச் செய்தால் இரண்டு தடவை காசு. இரண்டு பக்கமும் மாற்று. நான்கு சக்கர அலைன்மென்ட்டே கேள். பின் சக்கரங்கள் ஒரு பக்கம் பார்த்து நின்றாலும் நேரே போக நீ ஸ்டியரிங்கைக் கோணலாகத்தான் பிடிக்க வேண்டும்.

ஹரோவாசி
வேலை முடிந்தது. பின்னுக்கு இரண்டு ஜாயின்டும் புதிது. வலது பக்கத்தின் நட் துருப்பிடித்து அரை நாளைத் தின்றுவிட்டது. அலைன்மென்ட்டுக்கு இந்த முறை வேறு இடம். அந்த மனுசன் முதலில் ஸ்டியரிங்கை நடுவில் பூட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார். முன்னுக்கு ஒரு பக்க டை ராடில் புதுக் கீறல் இருக்கிறது, மற்றப் பக்கம் தொட்ட அடையாளமே இல்லை என்று காட்டினார். ஸ்காபரோ அண்ணை சொன்ன அதே கதை.

நேற்று எம்40இல் ஒக்ஸ்போர்ட் வரைக்கும் போய் வந்தேன். மஞ்சள் கோடு பன்னிரண்டில். விளக்கு எரியவில்லை. லொறி மூன்று கடந்தது, கார் தன் பாட்டில் போனது. கோவை அண்ணைக்கு விசேஷ நன்றி. எம்.ஓ.டி (இங்கே காருக்கு வருடா வருடம் செய்யும் சோதனை) அடுத்த மாதம், அந்த ஜாயின்டோடு போயிருந்தால் பெயில்தான். 280 பவுண்ஸ் மோட்டரை விற்றவர் இன்னும் மெசேஜ் போடுகிறார், 240க்கு இறங்கிவிட்டார்.