மாலி பிட்சர் ஊற்று: எந்தப் பலகையை நம்புவது?

எடிசன்வாசி:
மாலி பிட்சர் என்றால் எனக்கு நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் காபிக்கு வண்டியை நிறுத்தும் இடம், அவ்வளவுதான். போன சனிக்கிழமை மகளின் பள்ளி வேலைக்காக மான்மவுத் போர்க்களத்துக்குப் போனோம். அமெரிக்க விடுதலைப் போரில் அங்கே வீரர்களுக்குத் தண்ணீர் சுமந்ததாகச் சொல்லப்படும் பெண்தான் இந்த மாலி. அவள் தண்ணீர் எடுத்த ஊற்று என்று இரண்டு இடங்களில் பலகை வைத்திருக்கிறார்கள்! குடத்தோடு படம் வரைய வேண்டும், எந்த ஊற்று என்று மகள் பிடுங்குகிறாள். தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கந்தகப்புகை:
ஊற்றை அப்புறம் பார்க்கலாம். முதலில் குடத்தை அழித்துவிட்டு வாளி வரையச் சொல்லுங்கள். போர் நடந்தது 1778 ஜூன் 28, கொளுத்தும் வெயில். குண்டு படாமலே சுருண்டு விழுந்து செத்தவர்கள் உண்டு. தண்ணீர் குடிக்க மட்டுமில்லை, பீரங்கிக்கும் வேண்டும். ஒரு முறை சுட்டதும், ஈர ஆட்டுத்தோல் சுற்றிய கழியைக் குழாய்க்குள் விட்டுத் துடைப்பார்கள். உள்ளே கங்கு மிஞ்சியிருந்தால் அடுத்த வெடிமருந்துப் பொதி திணிப்பவர் கையோடு வெடித்துவிடும். ஜூனில் அங்கே அந்தப் போரை நடித்துக் காட்டுவார்கள். ஒரு வருடம் நானும் கம்பளிக் கோட்டு போட்டு வாளி சுமந்தேன். கால் மணி நேரம்கூடத் தாங்கவில்லை, மரத்தடியில் உட்காரவைத்துவிட்டார்கள்.

எடிசன்வாசி:
சரி அண்ணா, வாளி. ஆனால் அப்படி ஒருத்தி நிஜமாகவே இருந்தாளா?

பழங்கணக்கு:
பெரும்பாலும் மேரி லட்விக் ஹேஸ் என்பவரைத்தான் சொல்வார்கள். பீரங்கிப் படைவீரரின் மனைவி. 1822இல் பென்சில்வேனியா சட்டமன்றம் அவருக்கு ஆண்டுக்கு 40 டாலர் பென்ஷன் கொடுத்தது, கல்லறை அதே மாநிலத்தில் கார்லைல் என்ற ஊரில். 1776இல் நியூயார்க்கில் வாஷிங்டன் கோட்டையில் பீரங்கி இயக்கிக் காயம்பட்ட மார்கரெட் கார்பினின் கதையும் இதோடு கலந்துவிடும், அது வேறு.

எனக்குப் பிடித்த சாட்சி ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்ற சிப்பாய். 1830இல் வெளிவந்த நினைவுகளில், மான்மவுத்தில் கணவனோடு பீரங்கியில் நின்ற ஒரு பெண்ணைப் பற்றி எழுதுகிறார். பெயர் சொல்லவில்லை. தோட்டா எடுக்கக் காலை எட்டி வைத்தபோது, எதிரிக் குண்டு இரு கால்களுக்கும் நடுவே பாய்ந்து பாவாடையின் கீழ்ப்பாதியைக் கிழித்துக்கொண்டு போனதாம். நல்ல வேளை, இன்னும் கொஞ்சம் மேலே வரவில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாளாம். தண்ணீர், ஊற்று என்று ஒரு வார்த்தை கிடையாது. நான் அந்தப் பாவாடையை நம்புகிறேன், பலகை இரண்டையும் இல்லை.

எடிசன்வாசி:
வரைந்தாயிற்று. வாளி, கழி, கிழிந்த பாவாடை எல்லாம் உண்டு. ஊற்று தாளுக்கு வெளியே இருக்கிறதாம்.