உதவி தேவை: அலமாரியில் உள்ள தமிழ் நூல் இணையப் பட்டியலில் அகப்படவில்லை

கேள்வி:
வணக்கம். சிறிய நூலகம் ஒன்றின் பட்டியலைக் கவனித்துவருகிறேன். கோஹா என்ற நூலக மென்பொருளில் ஜீப்ரா தேடுபொறியுடன் இயங்கும் எங்கள் ஓபேக்கில், அதாவது வாசகர்களுக்கான இணையப் பட்டியலில், வாசகர்கள் தலைப்பைத் தமிழில் தட்டச்சு செய்தால், நூல் அலமாரியில் இருக்கும்போதே ‘முடிவுகள் இல்லை’ என்று வருகிறது. ‘கொ’, ‘தோ’ போன்ற எழுத்துகள் உள்ள தலைப்புகள் சிலருக்குக் கிடைக்கின்றன, சிலருக்குக் கிடைப்பதில்லை. கூகுளிலோ எங்கள் நூல் ஒன்றுகூடத் தென்படவில்லை. நூல் இல்லையென்று நம்பித் திரும்பிய வாசகர்களை நினைக்க வருத்தமாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

மறுமொழி 1:
முதலில், அகப்படாத நூல் ஒன்றின் மார்க் பதிவைத் (நூல் விவரங்களைக் கணினி படிக்கும் வடிவில் வைத்திருக்கும் பதிவு) திறந்து, தலைப்புக்குரிய 245ஆம் புலத்தைப் பாருங்கள். தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் இருந்தால், தமிழில் தேடுபவருக்கு அது எந்நாளும் கிடைக்காது. மார்க் 21இல் மூல எழுத்து வடிவத்துக்கென்றே 880ஆம் புலம் உண்டு. ஆனால் அதை நிரப்பினால் மட்டும் போதாது, உங்கள் அமைப்பு அதை இன்டெக்ஸ் செய்கிறதா, அதாவது தேடலுக்கான சுட்டியில் சேர்க்கிறதா என்றும் சோதிக்க வேண்டும். என் கருத்தில், தமிழ்த் தலைப்பை 245இலேயே இட்டு, ரோமன் வடிவத்தை 246இல் மாற்றுத் தலைப்பாகத் தருவது வாசகருக்கு நேர்மையான வழி.

மறுமொழி 2:
‘கொ’ சிக்கலுக்குக் காரணம் வேறு. ஒருங்குறியில் (யூனிகோட்) ‘ொ’ என்பதை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ‘ெ’, ‘ா’ என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. வாசகரின் விசைப்பலகை எதைத் தருகிறது என்பதைப் பொறுத்தே விடை மாறுகிறது. ஜீப்ராவை ஐசியூ என்ற ஒருங்குறி கையாளும் முறைக்கு மாற்றி, அதன் அமைவுக் கோப்பில் என்எஃப்சி இயல்பாக்கம் (இரு வடிவங்களையும் ஒரே வடிவமாக்குவது) இருப்பதை உறுதிசெய்துகொண்டு, முழுப் பட்டியலையும் மீண்டும் இன்டெக்ஸ் செய்யுங்கள். மறு இன்டெக்ஸைத் தவறவிட்டால் எந்த மாற்றமும் தெரியாது. பலர் இங்கேதான் மனம் தளர்கிறார்கள்.

ஆனால் ‘ஔடதம்’ என்பதை ஒ, ள என்று இரண்டெழுத்தாக ‘ஒளடதம்’ எனத் தட்டச்சு செய்திருந்தால் இயல்பாக்கம் உதவாது. பதிவைத் திருத்தி, பிழையான வடிவத்தையும் 246இல் வையுங்கள். அப்படித் தட்டச்சு செய்யும் வாசகர்கள் ஏராளம், அவர்களும் நம் வாசகர்களே.

மறுமொழி 3:
கூகுளைப் பற்றி: இணையப் பக்கங்களைத் தானாகப் படித்துச் செல்லும் தேடுபொறி நிரல்கள் உங்கள் தேடல் பெட்டியில் எதையும் தட்டச்சு செய்து பார்ப்பதில்லை. ஒவ்வொரு நூலுக்கும் மாறாத முகவரி இருக்க வேண்டும். அம்முகவரிகள் தளவரைபடத்தில் (தேடுபொறிகளுக்குத் தரும் முகவரிப் பட்டியல், சைட்மேப்) இடம்பெற வேண்டும். கோஹாவிலேயே அதை உருவாக்கும் நிரல் உள்ளது. ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும். எந்தப் பக்கங்களைப் படிக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு (robots.txt) ஓபேக்கைத் தடுக்கிறதா என்றும் பாருங்கள்.

சேவைப் பக்கங்களில் ‘இரவல் காலநீட்டிப்பு’ என்பதோடு ‘புத்தகத்தைப் புதுப்பிக்க’ என்றும் எழுதுங்கள், ஏனெனில் வாசகர் தேடும் சொல் பெரும்பாலும் பின்னதே.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஐசியூவுக்கு மாற்றி மறு இன்டெக்ஸ் செய்ததும் ‘கொ’ தலைப்புகள் எல்லா விசைப்பலகைகளிலும் கிடைக்கின்றன. எங்கள் ரோபோட்ஸ் கோப்பு ஓபேக் முழுவதையும் தடுத்திருந்தது; அதை நீக்கித் தளவரைபடத்தைச் சேர்த்துவிட்டேன். ரோமனில் மட்டும் உள்ள பதிவுகளை, விடையின்றி முடிந்த தேடல்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அதிகம் தேடப்பட்டதிலிருந்து ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கியிருக்கிறேன்.