இன்ஜின் அறை கொதிக்கிறது, மீட்டரில் சூடு சரியாக இருக்கிறது: எதைப் பார்ப்பது?

உப்பனாறு (கடலூர்):
அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். எங்கள் விசைப்படகு முதுநகர் துறைமுகத்தில் நிற்கிறது. ஆறு சிலிண்டர், 6 லிட்டர் இன்ஜின், டர்போ கிடையாது. மீன்பிடித் தடைக்காலத்தில் தளத்தைப் புதிதாக அடைத்து, வீல்ஹவுஸை (படகோட்டும் அறையை) பின்பக்கம் கொஞ்சம் நீட்டினோம். ஜூன் 15-க்குப் பிறகு தொழிலுக்குப் போனால் இன்ஜின் அறைக்குள் நிற்க முடியவில்லை. மடி (இழுவலை) இழுக்கும்போது கரும்புகை. ஆல்டர்னேட்டர் எரிந்துவிட்டது, பேட்டரி பக்கவாட்டில் உப்பிக்கிடக்கிறது. தண்ணீர் சூடு மட்டும் எப்போதும்போல 80-லேயே நிற்கிறது. மெக்கானிக் வாட்டர் பம்பை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

தேங்காய்த்திட்டு டிரைவர்:
மீட்டர் நல்ல மீட்டர்தானே? அப்படியானால் பம்பில் கை வைக்காதீர்கள், வீண் செலவு. கடல் அமைதியாக இருக்கும்போது, மடி இழுக்கிற அதே வேகத்தில், இன்ஜின் அறை மூடியைக் கொஞ்ச நேரம் திறந்து பாருங்கள். ஆள் விழாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். சும்மா கட்டிப்போட்டு ஓட்டினால் ஒன்றும் தெரியாது, பளு ஏற வேண்டும்.

உப்பனாறு:
பார்த்துவிட்டோம். மூடி வழக்கத்தைவிடக் கனமாக வந்தது, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பதுபோல. திறந்ததும் புகை குறைந்தது. காற்று வர 4 அங்குலக் குழாய் இரண்டு இருக்கிறது. அதில் ஒன்றின் வாய் இப்போது வலை குவிக்கிற இடத்துக்குக் கீழே வந்துவிட்டது.

பழைய மெக்கானிக் (புதுச்சேரி):
அப்போது விஷயம் முடிந்தது தம்பி. இன்ஜினுக்கு மூச்சு முட்டுகிறது. 6 லிட்டர் இன்ஜின் 1800 சுற்றில் ஓடினால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 லிட்டர் காற்றை இழுக்கும். இது டீசல் எரிய மட்டும். அறைச் சூட்டை வெளியேற்ற இதற்கு மேலும் காற்று வேண்டும். இரண்டு 4 அங்குலக் குழாய் சேர்ந்தாலும் ஒரு 6 அங்குலக் குழாயின் வாய்க்கு ஈடாகாது. அதிலும் உங்களுக்கு ஒன்று வலைக்கு அடியில். குழாய் வாயில் கொசுவலை மாதிரி கம்பிவலை அடித்திருந்தால் உப்பும் தூசியும் ஏறிப் பாதி அடைத்திருக்கும், அதையும் கழற்றிப் பாருங்கள்.

ஏர் கிளீனர் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டர் கட்டுங்கள். வெளியே இருப்பதைவிட 15 டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது. சூடான காற்றில் ஆக்சிஜன் குறைவு, டீசல் முழுதாக எரியாது. கரும்புகை அதனால்தான்.

சிங்காரத்தோப்பு:
பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று வைத்தால் போதுமே?

பழைய மெக்கானிக் (புதுச்சேரி):
வேண்டாம். உள்ளே வர வழியில்லாதபோது ஃபேன் வெளியே இழுத்தால், இன்ஜின் குடிக்கிற காற்றையும் அதுவே பிடுங்கும். முதலில் வழியைப் பெரிதாக்குங்கள். 8 அங்குலக் குழாய் இரண்டு, வாய் வீல்ஹவுஸ் பக்கவாட்டில், அலைத் தண்ணீர் ஏறாத உயரத்தில், மேலே வளைந்த மூடியோடு. ஒன்றின் அடிமுனை அறையின் கீழ்ப்பக்கம் வரை இறங்கட்டும். சூட்டுக்காற்று போக, எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி ஒரு வழி. அப்புறமும் சூடு இருந்தால் உள்ளே தள்ளும் புளோயர் வையுங்கள். இன்ஜினை நிறுத்திய பிறகும் அது பத்து நிமிடம் ஓடட்டும், நிறுத்தியதும்தான் அறைச் சூடு இன்னும் ஏறும்.

தேங்காய்த்திட்டு டிரைவர்:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: எல்லா வழிக்கும் வெளியிலிருந்தே அடைக்கிற பலகை வேண்டும், புளோயர் சுவிட்சும் மேலே இருக்கட்டும். தீப்பிடித்தால் காற்றை அடைக்காமல் அணைக்க முடியாது.

உப்பனாறு:
சரிண்ணா. சைலன்சர் பைப்பில் பழைய கயிறு சுற்றியிருந்தது, அது பிய்ந்து தொங்குகிறது. கோணி நனைத்துச் சுற்றலாம் என்கிறார்கள்.

பழைய மெக்கானிக் (புதுச்சேரி):
கோணி காய்ந்தால் அதுவே தீக்கு விறகு. அந்தப் பழைய கயிறு ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பிய்த்து உதறாதீர்கள், தூசி நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்து, முகத்தை மூடிக்கொண்டு கழற்றுங்கள். கண்ணாடி இழை நாடா கிடைக்கும், அதைச் சுற்றுங்கள். ஆனால் சுற்றுவதற்கு முன் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) இணைப்புகளில் கரி படிந்த கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் புகை கசிகிறது, இணைப்புக்கு நடுவே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டை மாற்றிவிட்டுச் சுற்றுங்கள். பேட்டரியை அந்த அறையிலிருந்து இன்றைக்கே வெளியே எடுங்கள், உப்பியதைத் திரும்பப் போடாதீர்கள்.

உப்பனாறு:
பேட்டரியை வெளியே எடுத்துவிட்டோம். வலைக்கு அடியில் இருந்த குழாயை முதலில் இடம் மாற்றுகிறோம், பெரிய குழாய்க்குப் பட்டறையில் சொல்லியாகிவிட்டது.