டி-ரெக்ஸா, ஜிகனோட்டோசாரஸா: நேருக்கு நேர் நின்றால் எது மிஞ்சும்?

புலியூர் டீச்சர்:
கடலூரில் எங்கள் பள்ளி அறிவியல் கண்காட்சியில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு அணியாக வாதாடப் போகிறார்கள். டைரனோசாரஸ் ரெக்ஸும் ஜிகனோட்டோசாரஸும் மோதினால் எது ஜெயிக்கும் என்பதுதான் தலைப்பு. ஒன்று வட அமெரிக்கா, இன்னொன்று அர்ஜென்டினா. நடுவில் ஏறக்குறைய 3 கோடி ஆண்டு இடைவெளி. சந்தித்திருக்கவே முடியாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். சினிமாவை விட்டுவிட்டு, எலும்பு என்ன சொல்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
சந்தேகமே வேண்டாம் டீச்சர், ஜிகனோட்டோசாரஸ்தான். 1993இல் அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் ரூபன் கரோலினி கண்டெடுத்தார். எலும்புக்கூட்டில் சுமார் 70 சதவீதம் கிடைத்தது. 12 மீட்டருக்குக் குறையாத நீளம். தனியாகக் கிடைத்த ஒரு கீழ்த்தாடைத் துண்டு அதைவிட 8 சதவீதம் பெரியது. அப்படியானால் 13 மீட்டரைத் தொடும்.

அடுத்தது பல். எங்கள் துறைமுகத்தில் பெரிய சுறா வந்து இறங்கினால் அதன் பல் ஓரத்தை விரலால் தடவிப் பாருங்கள், ரம்பம் மாதிரி பொரபொரவென்று இருக்கும். ஜிகனோட்டோசாரஸ் பல்லும் தட்டையாக, ஓரமெல்லாம் அப்படித்தான். எலும்பை நொறுக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. விலாவில் ஒரு கிழி கிழித்துவிட்டு விலகி நின்றால் போதும், ரத்தம் போயே எதிரி சாய்ந்துவிடும். அர்ஜென்டினோசாரஸ் மாதிரி மலை போன்ற மிருகத்தையே அடித்த இனம் அது.

முத்தியால்பேட்டை வாசகன்:
அண்ணே, அர்ஜென்டினோசாரஸ் கிடைத்தது ஜிகனோட்டோசாரஸ் அடுக்குக்கு மேல் படிந்த, பிந்திய காலத்துப் பாறை அடுக்கில். அந்த அடுக்கின் வேட்டை மிருகம் மாப்புசாரஸ். உறவுதான், ஆனால் வேறு மிருகம். ஜிகனோட்டோசாரஸ் கூடவே வாழ்ந்த நீள்கழுத்து மிருகம் ஆண்டேசாரஸ்.

ரத்தம் போய்ச் சாக நேரம் பிடிக்கும். அதுவரை ரெக்ஸ் சும்மா நிற்குமா? 2012இல் கணினியில் மாதிரி உருவம் செய்து கணக்கிட்டபோது ரெக்ஸின் கடிவிசை 35,000 முதல் 57,000 நியூட்டன் வரை வந்தது. இன்றைய உவர்நீர் முதலையிடம் நேரடியாக அளந்தது 16,000 சொச்சம்தான். பல்லும் தட்டை கிடையாது. நல்ல தடிமன், வேரோடு சேர்த்தால் 30 செ.மீ. வரை போகும். கனடாவில் கிடைத்த ஒரு பெரிய சாணப் புதைபடிவம் ரெக்ஸுடையது என்கிறார்கள். அதற்குள் பொடிப்பொடியாக எலும்புத் துண்டுகள்!

நீளம் பற்றி ஒரு வார்த்தை. ஒரு தாடைத் துண்டை வைத்து முழு மிருகத்தையும் வளர்ப்பது நியாயமில்லை. சிகாகோவில் நிற்கும் 'சூ' என்ற ரெக்ஸ் 12.3 மீட்டர், கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடு. கனடாவின் 'ஸ்காட்டி' என்ற ரெக்ஸ் சுமார் 8.8 டன் என்று 2019இல் மதிப்பிட்டார்கள். நீளத்தில் இரண்டும் ஏறக்குறைய சமம், உடல் பருமனில் ரெக்ஸ் ஒரு படி மேல்.

தேவனாம்பட்டினத்தான்:
கடிவிசையைச் சொல்லியே எல்லாரும் பயமுறுத்துகிறீர்கள். அந்தக் கடி விழுந்தால்தானே தம்பி? மாப்புசாரஸ் எலும்புகள் பல மிருகங்களுடையவை ஒரே இடத்தில் குவியலாகக் கிடைத்தன. கூட்டமாக வாழ்ந்த இனமாக இருக்கலாம். இரண்டு ஜிகனோட்டோசாரஸ் இரு பக்கமும் வந்தால் ரெக்ஸ் எந்தப் பக்கம் திரும்பும்?

முத்தியால்பேட்டை வாசகன்:
டீச்சர் கேட்டது ஒண்டிக்கு ஒண்டி. கூட்டத்தைக் கொண்டுவந்தால் அது வேறு கேள்வி.

திரும்புவதில்தான் ரெக்ஸுக்குப் பெரிய லாபம். அதே 2019இல் வந்த இன்னோர் ஆய்வு, டைரனோசார் குடும்பம் தன் எடைக்கு ஈடான மற்ற பெரிய ஊனுண்ணிகளைவிட வேகமாக உடலைத் திருப்பியிருக்கும் என்று கணக்கிட்டது. உடல் கட்டுக்குட்டானது, கால் தசை பெரியது. அதோடு இரண்டு கண்ணும் முன்னால் பார்ப்பவை, தூரத்தைச் சரியாகக் கணிக்கும். பக்கவாட்டில் வந்து கிழிக்க நினைக்கும் எதிரிக்கு அந்தப் பக்கவாட்டே கிடைக்காது.

அரியாங்குப்பம்:
நடுவில் ஒரு சேதி. பிள்ளைகளைத் திருவக்கரைக்குக் கூட்டிப்போய் டைனோசர் காலத்து மரம் என்று காட்டிவிடாதீர்கள். அந்தக் கல்மரங்களுக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டுதான், டைனோசர்கள் 6.6 கோடி ஆண்டுக்கு முன்பே முடிந்துவிட்டன. நம் பக்கத்து டைனோசர் வேண்டுமென்றால் அரியலூர் கள்ளமேடு. அங்கே கிடைத்த புருகத்காயோசாரஸை 1987இல் முதலில் ஊனுண்ணி என்றே எழுதினார்கள், பிறகு அது நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று மாறியது. இதைக் கண்காட்சியில் ஒரு ஓரத்திலாவது வையுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
கள்ளமேடு நல்ல யோசனை. நான் கட்சி மாறவில்லை. ரெக்ஸ் கழுத்தைப் பிடித்துவிட்டால் கதை முடிந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ரெக்ஸுக்கு முன்னால் இன்னொரு ராட்சத ஊனுண்ணி நின்று சண்டை போட்டதற்கு என்ன தடயம்? அதன் காட்டில் அதற்குச் சமமாக வேறு எந்த இனமும் இல்லையே.

முத்தியால்பேட்டை வாசகன்:
அதன் இனமே போதும் அண்ணே. ரெக்ஸ் மண்டையோடுகளில் இன்னொரு டைரனோசார் கடித்து ஆறிய தழும்புகள் இருக்கின்றன. அப்புறம் டிரைசெராடாப்ஸ் என்ற கொம்புள்ள தாவர உண்ணி ஒன்றின் கண்ணுக்கு மேல் கொம்பு கடித்து முறிக்கப்பட்டு, பிறகு எலும்பு ஆறியிருக்கிறது. ஆறியிருக்கிறதென்றால் செத்ததைத் தின்றதில்லை, உயிரோடு நேருக்கு நேர் நின்ற எதிரி. கொம்போடு எதிரே வருவதன் முகத்திலேயே வாய் வைக்கத் துணிந்த மிருகம், ஜிகனோட்டோசாரஸைப் பார்த்தா பின்வாங்கும்?

புலியூர் டீச்சர்:
அந்தக் கொம்பைப் படமாக வரைய ரெக்ஸ் அணியில் ஒரு பிள்ளை இப்போதே தயார். தேவனாம்பட்டினத்து அண்ணன், எதிரணிக்காகச் சுறாப் பல் ஒன்று எடுத்துத் தர முடியுமா? தடவிப் பார்த்துவிட்டுப் பேசினால் அவர்கள் வாதமும் பலமாக இருக்கும்.