'அவசரம்' என்பது குணமா, மனநிலையா? உளவியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை படிக்கிறேன். ஆளுமைப் பண்புக் கோட்பாடுகளில் ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

1936இல் உளவியலாளர்கள் கார்டன் ஆல்போர்ட்டும் ஹென்றி ஓட்பெர்ட்டும் ஆங்கில அகராதியைப் புரட்டி, மனிதர்களை வர்ணிக்கும் சொற்கள் ஏறத்தாழ 18,000 எடுத்தார்கள். அதில் நிலையான குணத்தைச் சொல்பவை சுமார் 4,500. பிறகு ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் அதைச் சுருக்கி, காரணிப் பகுப்பாய்வு (சேர்ந்தே வரும் பண்புகளைப் புள்ளியியல் வழியில் ஒன்றாகத் தொகுப்பது) செய்து 16 காரணிகளில் நிறுத்தினார். இன்னொரு உளவியலாளர் ஹான்ஸ் ஐசெங்க், ஆளுமைக்கு முதலில் இரண்டே பரிமாணம் என்றார், அப்புறம் மூன்றாவதைச் சேர்த்துக்கொண்டார். இதுவரை புரிகிறது.

ஒப்படைப்புக்காக அதே அகராதி வேலையைத் தமிழில் 'அ' எழுத்துக்கு மட்டும் செய்து பார்க்கிறேன். (ஏன்தான் ஒத்துக்கொண்டேனோ!) அடக்கம், அலட்சியம், அழுத்தக்காரர் எல்லாம் சரி, குணம்தான். 'அவசரம்'? பஸ் பிடிக்க ஓடுகிறவருக்கும் அவசரம், இலை போடுவதற்குள் "சாம்பார் எங்கே?" என்று பறக்கிற என் சித்தப்பாவுக்கும் அவசரம். 'அசடு' குணமா, வெறும் திட்டா? ஆல்போர்ட் தற்காலிக மனநிலைகளையும் மதிப்பிடும் சொற்களையும் தனித்தனிப் பட்டியலில் வைத்தார். நான் எந்தச் சொல்லை எங்கே போடுவது? நீங்கள் பிரித்திருந்தால் எந்த அளவுகோலை வைத்துப் பிரித்தீர்கள்?

இன்னொன்று. கேட்டல் வெளியே தெரியும் பண்பு, அதற்கு அடியில் இருக்கும் பண்பு என்று பிரிக்கிறாரே, அவற்றை 'மேற்பரப்புப் பண்பு', 'மூலப் பண்பு' என்று எழுதலாமா? வகுப்பில் வேறு சொல் பயன்படுத்துகிற ஆசிரியர்கள் இருந்தால் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்படைக்க வேண்டும்.