இரட்டைக் குமிழ் விலை ஸ்லைடர்: 49,700-ஐத் தாண்டவில்லை

கேள்வி:
துணிக்கடைத் தளத்துக்கு விலை ஃபில்டர். லைப்ரரி இல்லாமல், ரியாக்டில் (வலைப்பக்கம் கட்டும் ஜாவாஸ்கிரிப்ட் கருவி) இரண்டு ரேஞ்ச் இன்புட்டை, அதாவது பிரவுசரே தரும் ஸ்லைடரை, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்திருக்கிறேன். மின் 200, மேக்ஸ் 50,000, ஸ்டெப் 500. வலது குமிழைக் கடைசிவரை இழுத்தாலும் 49,700-லேயே நிற்கிறது. அடியில் இருக்கும் குமிழைப் பிடிக்கவே முடியவில்லை. பெரும்பாலான சரக்கு 3,000 ரூபாய்க்குள் இருப்பதால், இடது ஓரத்தில் துளி நகர்த்தினாலும் பாதி மறைந்துவிடுகிறது. இழுக்க இழுக்க சர்வருக்கு ரிக்வெஸ்ட் போய்க்கொண்டே இருக்கிறது.

பதில் 1:
ஸ்டெப் பூஜ்யத்திலிருந்து இல்லை, மின்னிலிருந்து எண்ணப்படும். 200, 700, 1,200 என்று ஏறி 49,700-இல் முடிகிறது; அடுத்த படி 50,200, அது மேக்ஸைத் தாண்டிவிடும்.

குமிழுக்கு: சிஎஸ்எஸ்ஸில் இரண்டு இன்புட்டுக்கும் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் (மவுஸையும் விரலையும் கண்டுகொள்ளாது), குமிழுக்கு மட்டும் ஆட்டோ (வழக்கம்போல் பிடிபடும்). குமிழைக் குறிக்கும் க்ரோமின் வெப்கிட் (-webkit-) செலக்டரையும் ஃபயர்ஃபாக்ஸின் மாஸ் (-moz-) செலக்டரையும் காற்புள்ளி போட்டு ஒரே விதியில் எழுதிவிடாதீர்கள். தெரியாத செலக்டர் ஒன்று இருந்தால் பிரவுசர் விதி முழுவதையும் தூக்கி எறியும். இங்கேதான் பலர் மணிக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். பிரவுசரின் சொந்தத் தோற்றத்தை நீக்கும் அப்பியரன்ஸ் நன் கொடுத்தபின் க்ரோமில் குமிழ் கீழே தொங்கும்: ட்ராக் (குமிழ் ஓடும் கோடு) 6 பிக்சல், குமிழ் 24 என்றால் மார்ஜின்-டாப் மைனஸ் 9. 24-க்குக் கீழே குறைக்க வேண்டாம், விரலுக்கு அகப்படாது.

பதில் 2:
ஸ்டெப்பை மட்டும் திருத்தினால் இடது ஓர நெரிசல் அப்படியேதான் இருக்கும். ஸ்லைடரில் விலையை வைக்காமல் இடத்தை வையுங்கள்: 0 முதல் 1000, ஸ்டெப் 1. விலை = 200 × 250-இன் அடுக்கு (இடம் ÷ 1000). 250 என்பது 50,000 ÷ 200. நடுவில், அதாவது 500-இல், 3,162 வரும். கால் பங்கில் ஏறக்குறைய 795. 1,000-க்குக் கீழே 50-க்கும், மேலே 500-க்கும் ரவுண்ட் செய்தால் 3,000, 800 என்று கண்ணுக்கு இதமாக இருக்கும். யூஆர்எல்லில் விலையைச் சேமித்தால் திரும்ப இடமாக்க லாக் தேவை: லாக்(விலை ÷ 200) ÷ லாக்(250) × 1000.

ஒன்று மறக்கக்கூடாது. இப்போது நடுவில் இருக்கும் குமிழை ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் மென்பொருள்) "500" என்றுதான் படிக்கும். அது படிக்க வேண்டிய சொல்லைத் தரும் ஆரியா-வேல்யூடெக்ஸ்டில் "3,000 ரூபாய்" என்று ஒவ்வொரு நகர்வுக்கும் மாற்றுங்கள்.

பதில் 3:
ரிக்வெஸ்ட்டுக்குக் காரணம் ரியாக்டின் ஆன்சேஞ்ச். அது இழுக்கும்போதே வந்துகொண்டிருக்கும் பிரவுசரின் இன்புட் ஈவென்ட்டைத்தான் கேட்கிறது. காட்டும் எண்ணுக்கு அதை வைத்துக்கொண்டு, ரெஃப் (இன்புட்டை நேரடியாகத் தொடும் ரியாக்ட் வழி) வழியாக, குமிழை விட்டதும் வரும் அசல் சேஞ்ச் ஈவென்ட்டில் லிசனர் போட்டு அங்கே மட்டும் சர்வரை அழையுங்கள். அம்புக்குறி விசையில் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் சேஞ்ச் வரும், அதற்கு 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ், அதாவது கடைசி அழுத்தத்துக்குப் பின் அவ்வளவு நேரம் காத்திருந்து அழைப்பது.

கேட்டவர்:
நான்கும் சரியாகிவிட்டன, நன்றி. ஆனால் இரண்டு குமிழையும் வலது ஓரத்தில் சேர்த்தால் எதுவும் அசையவில்லை.

பதில் 1:
மேலே இருப்பது வலது குமிழ். முன்னே போக இடமில்லை. பின்னே வர இடது குமிழின் மதிப்பு தடுக்கிறது. இடது குமிழின் இடம் 500-ஐ, அதாவது நடுவை, தாண்டியதும் அதன் இன்புட்டுக்கு இசட்-இன்டெக்ஸைக் கூட்டி மேலே கொண்டுவந்துவிடுங்கள்.